மிஸ்டர் ஹார்கோட்டின் உடுப்பறை

வோபர்ன், ஸ்காபரோ, கனடா
மார்ச் 9, 2024

மடத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எங்கள் எல்லாருக்காகவும் முழந்தாளில் நிற்கும் அக்காவுக்கு, தங்கச்சி அன்ரனெற் எழுதுவது.

நத்தாருக்கு நீங்கள் எழுதிய கடிதம் மாசி நடுவில்தான் கைக்கு வந்தது. உங்கள் எழுத்து இன்னும் சிறுத்துவிட்டது. கண்ணைக் காட்டினீர்களா? என் கடிதங்களை உங்கள் மதர் முதலில் வாசித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் என் தோத்திரம். இங்கே என் மனுசன் இக்னேசியஸ் வழமைபோலப் பாண் பேக்கரிக்குப் போய்வருகிறார். முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை.

ஒரு நல்ல செய்தி. டோர்செட் பார்க்கில் உடுப்புக் கழுவும் கடையில் பதினான்கு வருஷம் காற்சட்டைக் கால் மடித்துக்கொண்டும் சிப் மாற்றிக்கொண்டும் இருந்தேன் அல்லவா, அதை விட்டுவிட்டேன். எங்கள் பங்குக் கோயிலில் குருவானவரின் பழைய பூசை உடுப்பு ஒன்றின் சரிகை பிரிந்துபோயிருந்தது. நான்தான் அதைத் தைத்துக் கொடுத்தேன். பாடகர் குழுவில் இருக்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். அடுத்த கிழமை மிஸ்டர் ஹார்கோட் என்பவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. மரங்களுக்குப் பின்னால் ஒரு கல்வீடு. தனி ஆள். ஒரு நாளும் இராணுவத்தில் இருந்ததில்லை. ஆனால் அவர் வீட்டு நிலக்கீழ் அறையில், விக்டோரியா மகாராணி காலத்துப் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரிகளின் உடுப்புகள் நாற்பத்தொன்று இருக்கின்றன. கருநீல மேற்சட்டைகள், நெஞ்சுக்குக் குறுக்கே ஆறு வரிசை பொன் கயிறு, கையில் பொன் முடிச்சு. கரடி போல உரோமம் வைத்த உயரத் தொப்பிகள். பஸ்பி என்று சொல்கிறார்கள். நவம்பரில் தன்னைப் போன்ற சேகரிப்பாளர்களை அழைத்து இவற்றைக் காட்டப்போகிறாராம். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் செப்பனிட வேண்டும்.

அதிகாரிகள் என்ன உடுக்க வேண்டும் என்பதற்கு அந்தக் காலத்தில் அரசாங்கமே விதிப் புத்தகம் போட்டிருக்கிறது, அக்கா. அதை அவர் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவார். பொன் பட்டி எத்தனை அங்குல அகலம், மாலை விருந்துக்குச் சப்பாத்தில் என்ன குதிமுள், அன்றாடத்துக்கு என்ன குதிமுள், எந்தப் படைக்குத் தொப்பியில் தொங்கும் பை என்ன நிறம், எல்லாம் இருக்கிறது. போன கிழமை ஒரு சட்டையில் தோளில் இருந்த நட்சத்திரத்தை என்னைக் கொண்டு பிரிக்க வைத்தார். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுக்கு முந்தின சட்டையில் பதவிச் சின்னம் கழுத்துப் பட்டையில்தான் இருக்க வேண்டுமாம். யாரோ தெரியாமல் தோளுக்கு மாற்றியிருக்கிறார்கள். "விதி விதிதான், மிசஸ் இக்னேசியஸ்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஒழுங்கான மனிதர்.

இன்னொன்று. ஒரு சட்டையின் உட்பக்கத்தை அவிழ்த்தபோது நெஞ்சுப் பகுதி முழுவதும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அதை உடுத்தவன் எலும்பும் தோலுமாக இருந்திருப்பான். தையல்காரன் அவனுக்கு ஒரு நெஞ்சு செய்து கொடுத்திருக்கிறான். கழுத்துக்குள் மையால் பெயர் எழுதியிருக்கிறது. எவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

மன்னார் மடத்துத் தையல் அறையில் நீங்களும் நானும் பூசை உடுப்புக்குப் பொன் இழை பிடித்த பிறகு, முப்பத்து மூன்று வருஷம் கழித்து என் விரலில் மறுபடியும் பொன் இழை. கை மறக்கவில்லை, அக்கா. நூல் நுனியை நாக்கில் நனைத்து ஊசிக் காதில் விட்டால் முதல் தரமே போகிறது. இதை எழுதும்போது கர்வமாகத்தான் இருக்கிறது. மதர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் மகள் ஷாமிலாவுக்காக மன்றாடுங்கள். இரண்டு தரம் வயிற்றில் தங்கி, தங்காமல் போனபின் அவள் பிள்ளை என்ற சொல்லையே எடுப்பதில்லை. றூபன் நல்ல மருமகன், ஒன்றும் காட்டிக்கொள்ளமாட்டார். ரூஜ் பக்கத்தில் வாங்கிய புது வீட்டில் ஒரு அறையை மட்டும் இன்னும் சாமான் போடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு,
அன்ரனெற்


வோபர்ன்
மே 20, 2024

என் அக்காவுக்கு, இந்த முறை மகிழ்ச்சியோடு.

உங்கள் மன்றாட்டு கேட்கப்பட்டது. ஷாமிலாவுக்குப் பதின்மூன்று கிழமை. மூன்று மாதம் தாண்டட்டும் என்று எனக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். கார்த்திகையில் பிள்ளை. அந்த அறையின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவளுக்கு ஒரே சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வருகிறது. எனக்கும் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. எது சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்ளுதில்லை, வாயில் ஒரு செம்புக் கைப்பு. மகளுக்குப் பிள்ளை என்றால் தாய்க்கும் மசக்கை வருமோ என்று இக்னேசியஸ் பகிடி பண்ணுகிறார். நேற்று அவர் என் பக்கத்தில் இருந்துவிட்டு, "என்னப்பா, பச்சை உள்ளி சாப்பிட்டனீரோ? மூச்செல்லாம் மணக்குது" என்று கேட்டார். நான் உள்ளிப்பூண்டு தொட்டு ஒரு கிழமை. வயிறு கெட்டால் மூச்சும் கெடும்தானே.

வேலை நன்றாகப் போகிறது. இப்போது பஸ்பி தொப்பிகளில் கை வைத்திருக்கிறேன். பதினொரு தொப்பிகள், எல்லாம் தகரப் பெட்டிக்குள். திறந்தால் உரோமத்தின் அடியில் அரிசிமாப் போல வெள்ளைத் தூள். கட்டியாகவும் இருக்கிறது. பழைய பசை காய்ந்து உதிர்ந்தது என்று நினைக்கிறேன். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டித் தட்டி எடுக்கிறேன். ஒரு தொப்பிக்கு இரண்டு நாள். சூரிய வெளிச்சம் உடுப்புக்குக் கூடாது என்று யன்னலை அடைத்து வைத்திருப்பதால், தூள் அறைக்குள்ளேயே நின்று விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும்.

மிஸ்டர் ஹார்கோட் நாளுக்கு ஒரு தரம் வந்து வாசலில் நின்று பார்ப்பார். உள்ளே வரமாட்டார். ஏதாவது தொட வேண்டி வந்தால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். பிறகு அந்தக் கையுறையையும் ஒரு பைக்குள் போட்டுவிடுவார். உடுப்புகளுக்கு அவ்வளவு மரியாதை. எனக்கும் ஒரு சோடி தந்தார். அதைப் போட்டுக்கொண்டு பொன் இழை பிடிக்க முடியாது, அவருக்கும் தெரியும், பிறகு கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் அந்த மேசையிலேயே முடித்துக்கொள்கிறேன். மேலே அவர் சமையலறைக்கு எதற்குப் போக வேண்டும்?

ஒவ்வொரு பெட்டி மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. படைப் பெயர், வருஷம், அதிகாரி பெயர். சிலவற்றில் மட்டும் மூலையில் சிவப்பு மையால் ஆங்கிலத்தில் "ஆர்ஸ்" என்று மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும். ஏதாவது படைப்பிரிவின் சுருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தொப்பிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

எனக்கு முன்னால் மிசஸ் நோவாக் என்று போலந்துக்கார அம்மா ஒருவர் ஆறு வருஷம் இங்கே தைத்தாராம். அலுமாரியில் அவருடைய ஏப்ரன் இன்னும் தொங்குகிறது. பையில் ஊசிகள் அப்படியே குத்தியபடி. எங்கே அவர் என்று கேட்டேன். ஓய்வு எடுத்துவிட்டார் என்றார் மிஸ்டர் ஹார்கோட். ஓய்வு எடுக்கிறவர் ஊசியை விட்டுவிட்டுப் போவாரா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

ஷாமிலாவின் பெயரைச் சொல்லிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்பு குறையாத,
அன்ரனெற்


வோபர்ன்
ஜூலை 28, 2024

அன்பான அக்காவுக்கு, வெக்கையில் இருந்து எழுதுகிறேன்.

ஷாமிலா இப்போது பகல் முழுவதும் என்னோடு. இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட என்று வேலையால் நிறுத்தி ஓய்வாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். றூபன் காலையில் கொண்டுவந்து விட்டு, பின்னேரம் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார். இருபத்து மூன்று கிழமை. ஆண் பிள்ளை. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "அம்மா, உதைக்கிறான், தெரியுதோ?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். உண்மையில் என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, அக்கா. கொஞ்ச நாளாக விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. காலிலும்தான், சொக்ஸ் போட்டதுபோல. வயதுக் கோளாறு, சர்க்கரையாகவும் இருக்கும்.

அவளைத் தனியாக விட மனம் வராமல், வேலையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று மிஸ்டர் ஹார்கோட்டிடம் கேட்டேன்.  விதிப் புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பிள்ளைகள் ஒட்டுக் கையோடு உடுப்பைத் தொட்டுவிடுவார்கள் என்ற பயமாக்கும். இல்லை, நானும் கணவரும் மட்டும்தான் என்றேன். பொய் இல்லையே. ஷாமிலாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் இன்னும் ஒரு தரம் கேட்டார், "ஒரு பிள்ளையும் இல்லையா?" என்று. ஒரு பிள்ளையும் இல்லை என்றேன். அடுத்த நாள் தன் காரிலேயே இரண்டு சட்டையும் மூன்று தொப்பியும் அனுப்பி வைத்தார்.

ஆகவே இப்போது எங்கள் குசினி மேசைதான் குதிரைப்படை. ஷாமிலாவுக்கும் பொழுது போகிறது. நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல், தொப்பியை மடியில் வைத்து வயிற்றில் சாய்த்துக்கொண்டு பிரஷால் தட்டுகிறாள். என் விரல் மரத்ததால் ஊசியில் நூல் கோர்த்துத் தருவதும் அவள்தான். சின்ன வயதில் நான் செய்ததைப் பார்த்து வைத்திருக்கிறாள் போல. நூல் நுனியை அதே மாதிரி நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோர்க்கிறாள். கனடாவில் வளர்ந்த பிள்ளை, ஒரு பொத்தான் தைக்கமாட்டாள் என்று இருந்தேன். இவ்வளவு நாளில் நானும் அவளும் இப்படி ஒன்றாக இருந்து கதைத்ததில்லை.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. இந்த இரண்டு சட்டையில் ஒன்று மிசஸ் நோவாக் கடைசியாகத் தைத்தது. பாதியில் விட்டிருக்கிறார். இடது பக்கத்துப் பொன் கயிறுகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு தையலும் ஒரே அளவு, பிசகாத கை. நடுவுக்கு வர வரத் தையல் நீளுகிறது, பிறகு சரிகிறது. வலது பக்கம் முதல் வகுப்புப் பிள்ளையின் தையல் போல அங்கும் இங்கும் போய், கடைசியில் ஒரு இடத்தில் ஊசி துணியை விட்டு விலகி விரலைக் குத்தியிருக்கிறது. சின்ன மண்ணிறப் பொட்டு இருக்கிறது. குத்தினது தெரிந்த மாதிரி இல்லை. அதே இடத்தில் நாலு தரம் குத்தியிருக்கிறது.

நான் அதைப் பிரித்துவிட்டு முதலில் இருந்து தைக்கிறேன். என் தையலை ஷாமிலாவிடம் காட்டி நேராக இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, வெளிச்சம் காணாது அம்மா என்று சொல்லி எழும்பி லைட்டைப் போட்டாள்.

என் நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, பத்திலும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்கிறார் இக்னேசியஸ். பால் குடிக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
அன்ரனெற்


வோபர்ன்
செப்டெம்பர் 8, 2024

அக்கா,

மதர் இதை வாசிக்கிறார் என்றால், தயவுசெய்து அக்காவைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஓகஸ்ட் கடைசியில் எங்கள் குடும்ப டொக்டர் பிரதீபாவிடம் போனேன். சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கப் போனதுதான். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அன்ரி, உங்கட நகத்தைக் காட்டுங்கோ" என்றார். உள்ளங்கையைத் திருப்பித் தடவினார். தோல் தடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மூன்று நாள் மீன் சாப்பிடாமல் இருந்து சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். மீன் இல்லாமல் நானா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன திங்கட்கிழமை முடிவு வந்தது. ஆர்செனிக் என்றார், மூச்சில் உள்ளி மணம், விரல் மரத்தது, நகத்துக் கோடு எல்லாம் அதனால்தானாம். எலிப் பாஷாணத்தில் இருக்கிற சாமான், அக்கா. அந்தக் காலத்தில் உரோமத்தையும் கம்பளியையும் பூச்சி அரிக்காமல் இருக்க அதைத் தூவி வைப்பார்களாம். பெட்டி மூடியில் சிவப்பு மையால் எழுதியிருந்தது படையின் பெயர் இல்லை. அந்த மூன்று எழுத்தை நான் மே மாதத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் வாசித்திருக்கிறேன்.

டொக்டர் கேட்டார், "வீட்டில வேற ஆரும் இருக்கினமோ?" என்று. நானும் கணவரும் என்றேன். என் வாய்தான் சொன்னது. மிஸ்டர் ஹார்கோட்டிடம் சொன்ன அதே பதிலை இரண்டாம் தரமும் சொன்னேன்.

அடுத்த நாள் அந்தப் பாடகர் குழு அம்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மிசஸ் நோவாக்கைப் பார்க்கப் போனேன். மகளோடு இருக்கிறார். என் வயதுதான், பார்த்தால் எழுபது சொல்லலாம். கதிரையில் இருந்தபடி கையை நீட்டினார். நானும் நீட்டினேன். என் முகத்தைப் பார்க்க முதல், கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். பிறகு என் கையை விடவில்லை. அவருடைய மகள்தான் பேசினாள்: அம்மாவால் இப்போது தன் சட்டைப் பொத்தான் போட முடியாது, நரம்பு வருத்தம் என்றார்கள், என்ன காரணம் என்று இரண்டு வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அந்தப் பெண் எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்று அழுதாள்.

அங்கிருந்து நேராக மிஸ்டர் ஹார்கோட் வீட்டுக்குப் போனேன். பின்னேரம் நாலு மணி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் கையை மேசையில், விதிப் புத்தகத்தின் மேல் வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் கேட்காமலே எழும்பி அலுமாரியில் இருந்து ஒரு பழைய பட்டியலை எடுத்தார். இந்தச் சேகரிப்பை அவருக்கு விற்றவர்களுடையது. எந்தெந்தப் பொருளுக்கு நஞ்சு போட்டது, எந்த வருஷம் போட்டது என்று வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. நூறு வருஷப் பழைய தூள், வலு போயிருக்கும் என்று நினைத்தாராம். மிசஸ் நோவாக் கை மரத்து வேலையை விட்டுப் போனபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் பட்டியலை மூடினார். பட்டியின் அகலத்தைக் கால் அங்குலம் பிசகாமல் வாசித்துக் காட்டிய மனிதர், இந்த வரியை மட்டும் எனக்கு வாசிக்கவில்லை.

"வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நான் கேட்டேனே. இரண்டு தரம் கேட்டேன்" என்றார்.

என் மகள் ஏழாம் மாதம் என்று சொன்னேன். அந்தத் தொப்பியை அவள் மடியில் வைத்திருந்தாள் என்று சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.  பிறகு, உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு சட்டைகளையும் மடிக்காமல் விரித்துத்தானே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் எழும்பி வந்துவிட்டேன். தொழில் அமைச்சுக்கு டொக்டர் பிரதீபாவே அழைத்துச் சொல்லிவிட்டார், ஆட்கள் வருவார்களாம். சட்டைகளையும் தொப்பிகளையும் இரட்டைப் பையில் கட்டி பல்கனியில் வைத்திருக்கிறேன். மேசையை, நிலத்தை, கதிரையை மூன்று தரம் ஈரத்துணியால் துடைத்தேன். துணியையும் எறிந்தேன். ஷாமிலாவிடம், கட்டிடத்தில் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறார்கள், கொஞ்ச நாள் வராதே என்று சொல்லியிருக்கிறேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை, அக்கா. ஆறு நாள். இரத்த அழுத்தம் கூடிவிடும், பயத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை நீங்கள் கேட்க வேண்டாம்.

கடிதம் உங்களிடம் வந்து சேர மூன்று கிழமை. அதற்குள் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க வேண்டும் என்று மன்றாடுங்கள்.

அன்ரனெற்


வோபர்ன்
ஒக்டோபர் 4, 2024

என் அக்காவுக்கு,

எழுத்து இப்படி இருப்பதற்கு மன்னியுங்கள். பேனை விரலில் நிற்குதில்லை. பாதியை இக்னேசியஸ் எழுதித் தருவதாகச் சொன்னார். இதை நானே எழுத வேண்டும்.

ஒன்பதாம் நாள் சொன்னேன். ரூஜில் அவர்களுடைய வீட்டில், றூபனும் இருக்கும்போது. முழுவதையும் சொன்னேன்: தூள், சிவப்பு எழுத்து, மிஸ்டர் ஹார்கோட் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், டொக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். ஷாமிலா அழவில்லை. இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்துக்கொண்டு இருந்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எண்டைக்கு அம்மா உங்களுக்குத் தெரியும்?"

திங்கட்கிழமை என்றேன். இந்தத் திங்களோ என்று கேட்டாள். அதற்கு முந்தின திங்கள் என்றேன். அவள் றூபனைப் பார்த்தாள். அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார்.  அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் அந்த வீட்டுக்குள் கொஞ்ச நேரம் தனியாக இருந்தேன். திறந்து கிடந்த அறையில் தொட்டில் பொருத்தி முடித்திருந்தார்கள். உள்ளே போகவில்லை. கதவடியில் நின்று பார்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் எடுத்து வந்தேன்.

அவளுடைய உடம்பிலும் நஞ்சு இருந்தது. என்னுடையதைவிடக் குறைவு. கிழமைக்குக் கிழமை இறங்கிக்கொண்டு வருகிறது என்று இக்னேசியஸ் கேட்டறிந்து சொன்னார். ஆனால் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. செப்டெம்பர் இருபத்தேழாம் திகதி பிள்ளையை எடுத்துவிட்டார்கள், முப்பத்திரண்டு கிழமையில். றூபன் தொலைபேசியில், "மாமி, பிள்ளை வந்திட்டுது. உயிரோட இருக்கிறான். இப்ப நீங்கள் வர வேண்டாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

நஞ்சாலா, அழுத்தத்தாலா, இரண்டாலுமா என்று டொக்டர்மாரால் சொல்ல முடியாதாம். நான் பேசாமல் இருந்த அந்த ஒன்பது நாளால் என்ன நடந்தது என்று ஒருவரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை. பிள்ளைக்குச் சுவாசக் குழாய் வைத்திருக்கிறார்கள். அவனுடைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை என்கிறார்கள்.

அமைச்சு ஆட்கள் வந்து மிஸ்டர் ஹார்கோட்டின் அறையை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். எங்கள் பல்கனியில் இருந்த பைகளையும் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட இருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டார் எல்லாரும் கதவைத் திறந்து பார்த்தார்கள். மிசஸ் நோவாக்கின் மகளும் நானும் சேர்ந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறோம். மிஸ்டர் ஹார்கோட்டின் சட்டத்தரணி எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்: கையுறை தரப்பட்டது, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்கப்பட்டது, மிசஸ் இக்னேசியஸ் இல்லை என்றார். எல்லாம் உண்மை. ஒரு பொய்யும் எழுதவில்லை. வாக்குமூலத்தில் நானும் என்னுடைய பொய்யை மறைக்கவில்லை, அக்கா. அதை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

என் கைக்கு மருந்து தொடங்கியிருக்கிறது. முழுவதும் வராது, கொஞ்சம் வரலாம் என்கிறார் டொக்டர் பிரதீபா. இக்னேசியஸ் என் சட்டைக்குப் பொத்தான் போட்டு விடுகிறார், பேக்கரிக்குப் போக முதல்.  ஒரு நாள், "அவளுக்கு நீர்தான் தாய். வருவாள்" என்றார்.

நீங்கள் ஜூலைக் கடிதத்துக்கு எழுதிய பதில் நேற்று வந்தது. ஷாமிலா நூல் கோர்ப்பதை வாசித்துச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை மேசை இலாச்சியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா, எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு உதவி செய்யுங்கள். ஷாமிலாவுக்கு நீங்கள் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். மதரிடம் அனுமதி கேளுங்கள், இதற்கு மறுக்கமாட்டார். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் என் பெயரை எழுத வேண்டாம். மன்னிப்பைப் பற்றி, கடவுள் சித்தத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். பெரியம்மா என்று எழுதி, பிள்ளை எத்தனை கிராம், என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு அவள் பதில் எழுதுவாள்.

எழுதினால், அந்த இரண்டையும் எனக்குச் சொல்லுங்கள்.

கர்த்தர் அவனுடைய மூச்சின் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
அன்ரனெற்